தூண்டிலின் விலை என்ன?

மீன்பிடிப் போட்டியில் பணம் கட்டி இறங்குவது லாபமா, நஷ்டமா? கேரள எல்லையின் கிழக்கு நோக்கி ஓடும் ஆறுகள் வேறொரு கணக்கைச் சொல்கின்றன.

கேரளத்தில் 44 ஆறுகள். அவற்றில் 41 மேற்கே திரும்பி அரபிக் கடலைத் தேடிப் போகின்றன. கிழக்கே திரும்பிக் காவிரியோடு சேர்பவை மூன்றே மூன்று: வயநாட்டின் கபினி, பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடியைக் கடந்துவரும் பவானி, இடுக்கி மாவட்டத்து மறையூர்ப் பள்ளத்தாக்கின் பாம்பாறு. எல்லைச் சோதனைச் சாவடியில் லாரிகள் நின்றுதான் ஆக வேண்டும். ஆற்றுக்கும் அதிலிருக்கும் மீனுக்கும் அந்தக் கட்டாயமில்லை.

இந்த எல்லை மலைகளில் தூண்டில் நெடுங்காலம் இரண்டு வகை மனிதர்களின் கையில்தான் இருந்தது. ஒருவர், குழம்புக்கு மீன் வேண்டுமென்று மூங்கில் கழி, நைலான் நரம்பு, மண்புழு சகிதம் கரையில் குந்தியிருப்பவர். மற்றவர், தேயிலைத் தோட்டத்துத் துரை. இப்போது மூன்றாவது வகை ஒன்று சேர்ந்திருக்கிறது. கோவை, பொள்ளாச்சி, உடுமலை, பாலக்காடு என்று சமவெளி நகரங்களிலிருந்து விடுமுறை நாளில் மோட்டார் சைக்கிளில் கிளம்பும் இளைஞர்கள். கையில் இறக்குமதி ரீல், பெட்டியில் ரப்பர் தவளை, சட்டைப் பையில் வீடியோ எடுக்க செல்போன். மீனைச் சமைப்பது இவர்களில் பலருக்கு நோக்கமே அல்ல. பிடிக்க வேண்டும், படமெடுக்க வேண்டும், எடை சொல்ல வேண்டும், பிறகு விட்டுவிட வேண்டும்.

இந்த ஆர்வத்தின் அடுத்த படி போட்டி. நுழைவுக் கட்டணம் கட்டு, குறித்த நேரத்துக்குள் பிடி, பெரிய மீன் வைத்திருப்பவருக்குப் பரிசு. உலகெங்கும் விதி ஏறத்தாழ இதுதான். புதிதாகத் தூண்டில் வாங்கியவர் மனதில் எழும் கேள்வியும் எங்கும் ஒன்றுதான்: கட்டிய பணத்துக்குத் தகுமா?

நூறு டாலர் யோசனை

இன்று உலகம் அறிந்த மீன்பிடிப் போட்டி அமெரிக்காவின் பாஸ் மீனைச் சுற்றி வளர்ந்தது. ரே ஸ்காட் என்ற இன்ஷூரன்ஸ் விற்பனையாளர் 1967 ஜூன் மாதம் அர்கன்ஸா மாநிலத்தின் பீவர் ஏரியில் ஒரு போட்டி நடத்தினார். 106 பேர் தலைக்கு 100 டாலர் கட்டினார்கள். வசூல் 10,600 டாலர். முதல் பரிசு 2,000 டாலரும் மெக்ஸிகோவின் அகபுல்கோ நகருக்கு ஒரு சுற்றுலாவும். மற்றவர்களுக்கு வெயிலில் கறுத்த முகமும் நண்பர்களிடம் சொல்லக் கொஞ்சம் கதையும்.

யோசனை பிடித்துக்கொண்டது. 1971இல் தொடங்கிய பாஸ்மாஸ்டர் கிளாஸிக் போட்டியில் முதல் பரிசு 10,000 டாலர். அண்மை ஆண்டுகளில் அது 3 லட்சம் டாலர். படகுக் கம்பெனிகள், ரீல் கம்பெனிகள், டெலிவிஷன் எல்லாம் பின்னாலேயே வந்தன. ஆனால் அந்த உச்சியிலும் தொழில்முறைப் போட்டியாளர் ஒரு பருவத்துக்குக் கட்டணமாக மட்டும் பல்லாயிரம் டாலர் எடுத்துவைக்க வேண்டும். ஸ்பான்ஸர் இல்லாமல் பரிசுப் பணத்தை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துபவர்கள் மிகச் சிலர். உள்ளூர் ஏரிகளில் வாரக் கடைசிப் போட்டிக்குப் போகும் ஆயிரக்கணக்கானவர்களுக்கு அது செலவுக் கணக்கில் எழுதப்படும் பொழுதுபோக்கு.

இன்னொன்றையும் ஸ்காட் சீக்கிரமே புரிந்துகொண்டார். நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே நாளில் ஏரியைச் சல்லடை போட்டு, பிடித்த மீனையெல்லாம் செத்த நிலையில் தராசில் வைத்தால் ஊரார் சும்மா இருக்க மாட்டார்கள். 1972இலேயே, பிடித்ததைக் கொல்லாதே என்ற பிரசாரத்தை அவரது அமைப்பு தொடங்கியது. படகில் நீர்த்தொட்டி வைத்து, மீனை உயிரோடு கொண்டுவந்து, எடை போட்டு, திரும்ப ஏரியில் விடும் பழக்கம் அப்படி வந்ததுதான்.

ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு

எல்லையோரத்து இளைஞருக்கு இந்தக் கணக்கு எப்படி வரும்? உதாரணத்துக்கு ஒரு போட்டியை எடுத்துக்கொள்ளலாம். 50 பேர், தலைக்கு 1,000 ரூபாய். வசூல் 50,000. பரிசுகள் 15,000, 10,000, 5,000 என்று மொத்தம் 30,000. மிச்சம் பந்தல், சாப்பாடு, பனியன், தராசு, கோப்பை. அதாவது கட்டிய ஆயிரத்தில் சராசரியாக 600 ரூபாய் மட்டுமே போட்டியாளர்கள் பக்கம் திரும்பி வருகிறது.

செலவு ஆயிரத்தோடு நிற்பதில்லை. பெட்ரோலுக்கு 800, முந்தின இரவு லாட்ஜுக்கு 1,500, சாப்பாடு 500, பாறையிடுக்கில் அறுந்துபோகும் செயற்கை இரைகளுக்கு 500. 15,000 ரூபாய்க்கு ராடும் ரீலும் வாங்கி 30 தடவை பயன்படுத்தினால் ஒரு நாள் தேய்மானம் 500. ஆக 4,800. சராசரி வரவு 600. ஒரு ஞாயிற்றுக்கிழமையில் 4,200 ரூபாய் நஷ்டம்.

சராசரி என்பதும் புதியவருக்குக் கொஞ்சம் தாராளமான கணக்கு. அந்த நீர்நிலையில் பத்து வருடம் நின்று பழகியவருக்குக் காலை எந்த வளைவில் மீன் நிற்கும், மேகம் மூடினால் எங்கே நகரும் என்பதெல்லாம் தெரியும். பரிசு பெரும்பாலும் அவரைத் தேடித்தான் போகும். புதியவர் பணம் பழையவர் பைக்குப் போவதற்குப் போட்டி என்று பெயர்.

ஆனாலும் இந்தச் செலவை வீண் என்று தள்ளிவிட முடியாது. கிரிக்கெட் கிளப்புக்கும் மலையேற்றத்துக்கும் பணம் செலவழிப்பவர் யாரும் வட்டியோடு திரும்பக் கேட்பதில்லை. ஒரே நாளில் ஐம்பது பேர் மீன் பிடிப்பதைப் பக்கத்தில் நின்று பார்ப்பது ஒரு வருடத் தனிப் பயிற்சிக்குச் சமம். புது நண்பர்கள் கிடைப்பார்கள். 4,200 ரூபாயை ஒரு நாள் பள்ளிக்கூடக் கட்டணமாக நினைத்துக் கட்ட முடிந்தவருக்கு அது தாங்கும். பரிசை எதிர்பார்த்துக் கடன் வாங்கி ரீல் வாங்குபவருக்குத் தாங்காது.

தனிமனிதர் பர்ஸைப் பொறுத்தவரை விஷயம் இத்தோடு முடிந்தது. ஆனால் போட்டிக்கு வரும் இன்னொரு தரப்பு கட்டணமும் கட்டவில்லை, சம்மதமும் தரவில்லை. அது மீன்.

எந்த மீன்?

இந்த மலைகளின் தூண்டில் மரபு பாஸ் மீனைச் சார்ந்ததல்ல. மூணாறில் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆங்கிலேயத் தோட்டக்காரர்கள் டிரவுட் மீனைக் கொண்டுவந்து ஓடைகளில் விட்டார்கள். ராஜமலையில் குஞ்சு பொரிப்பகம் அமைத்தார்கள். ஹைரேஞ்ச் ஆங்லிங் அசோசியேஷன் என்று சங்கம் வைத்து லைசென்ஸ் கொடுத்தார்கள். டிரவுட் ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வந்த விருந்தாளி. நீர் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடானால் திணறும். அதனால் உயர்ந்த மலை ஓடைகளிலும் ஏரிகளிலும்தான் அதற்கு வாழ்க்கை.

கீழே, மேற்கு நோக்கி ஓடும் சில ஆறுகளில் கேரளத்துத் தூண்டில்காரர்கள் உயிரை விடுவது ஒரு பெரிய வரால் இனத்துக்காக. மலையாளத்தில் புலிவாகா என்பார்கள். பிரான்சிஸ் டே என்ற ஆங்கிலேய மீனியல் அறிஞர் 1865இலேயே இதைத் தனி இனமாக விவரித்தார். பின்னால் வந்தவர்கள் அதைத் தென்கிழக்கு ஆசிய மீனொன்றோடு சேர்த்துக் குழப்பிவிட்டார்கள். 2011இல்தான் மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய தனி இனம் என்பது மீண்டும் உறுதியானது.

வரால் குடும்பத்து மீன்களின் பலவீனம் அவற்றின் பாசம். குஞ்சுகள் கூட்டமாக நீர்மட்டத்துக்கு வந்து மூச்சு வாங்கும்போது தாயும் தந்தையும் அடியில் காவல் நிற்கும். அந்தக் கூட்டத்துக்கு மேல் ரப்பர் தவளையை வீசினால் பசியில்லாவிட்டாலும் கோபத்தில் பாய்ந்து கவ்வும். தூண்டில்காரருக்கு இது சுலப வெற்றி. பெற்றோர் இல்லாத அந்தச் சில நிமிடங்களில் குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்று தீர்த்துவிடும். மீனைத் திரும்ப விட்டாலும் குடும்பம் திரும்பாது. பெரிய மீனுக்குப் பரிசு என்று அறிவிக்கும் போட்டி, சொல்லாமலே இந்தத் தந்திரத்துக்குப் பரிசு அறிவிக்கிறது.

பருவமும் முக்கியம். கேரளத்தில் இடவப்பாதி மழை தொடங்கியதும் முட்டையிடுவதற்காக மீன்கள் புதுவெள்ளத்தை எதிர்த்து ஏறும். அந்த நேரத்தில் வழிமறித்துப் பிடிப்பதற்கு ஊத்த பிடுத்தம் என்று பெயர். ஒரு காலத்தில் ஊர்த் திருவிழாபோல நடந்த இதை இப்போது அரசு தடை செய்திருக்கிறது. மழைக்கால விடுமுறையைப் பார்த்துத் தேதி வைக்கும் போட்டியும் இதே தவறைத்தான் செய்யும்.

காவிரி தந்த பாடம்

கிழக்கே ஓடும் ஆறுகளின் கதை இன்னும் தீவிரமானது. அங்கே நாயகன் மஹாசீர். கெண்டை குடும்பத்தைச் சேர்ந்த, உள்ளங்கை அகலச் செதில் கொண்ட ராட்சத மீன். மதராஸ் சிவில் சர்வீஸ் அதிகாரி எச். எஸ். தாமஸ் 1873இல் வெளியிட்ட இந்தியத் தூண்டில் பற்றிய நூலில் இதை ஆங்கிலேயரின் செல்ல மீனான சால்மனுக்கும் மேலான விளையாட்டு என்று எழுதியதிலிருந்து வெள்ளைக்காரர்கள் தென்னிந்திய ஆறுகளைத் தேடி வந்தார்கள். 1946இல் மைசூரின் வான் இங்கன் கபினி ஆற்றில் பிடித்த மஹாசீர் 120 பவுண்டு, அதாவது 54 கிலோ.

சுதந்திரத்துக்குப் பிறகு இந்த மீன் வெளிநாட்டவர் நினைவிலிருந்து மறைந்தது. 1977இல் மூன்று பிரிட்டிஷ் இளைஞர்கள் தேடி வந்து, காவிரியில் அது இன்னும் இருப்பதை உலகத்துக்குச் சொன்னார்கள். பிறகு கர்நாடகக் காவிரிக் கரையில் பீமேஸ்வரி, காலிபோர், தொட்டமாக்கலி என்று தூண்டில் முகாம்கள் முளைத்தன. பிடித்த மீனை எடை போட்டு, பதிவேட்டில் எழுதி, திரும்ப விட வேண்டும் என்பது அங்கே கண்டிப்பான விதி. வெடி வைத்து மீன் கொன்றுகொண்டிருந்த உள்ளூர்க்காரர்கள் பலர் வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் மாறிச் சம்பளம் வாங்கினார்கள்.

இதே காலத்தில், நல்ல எண்ணத்தோடு ஒரு காரியம் நடந்தது. மஹாசீர் குறைந்துவருகிறது என்ற கவலையில், மகாராஷ்டிரத்தின் லோனாவ்லாவில் டாடா நிறுவனத்தின் பொரிப்பகத்தில் வளர்ந்த குஞ்சுகளைக் காவிரியில் விட்டார்கள். அவை கிருஷ்ணா ஆற்றுப் படுகையின் நீலத்துடுப்பு மஹாசீர். காவிரியின் சொந்த மஹாசீருக்கோ துடுப்பு ஆரஞ்சு நிறம், முதுகில் திமில் போன்ற மேடு. இரண்டும் வேறு இனங்கள் என்பதை அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மஹாசீர் மஹாசீர்தானே என்று விட்டுவிட்டார்கள்.

விளைவு என்ன என்பதைக் காட்டிக்கொடுத்தது முகாம் பதிவேடுதான். பிரிட்டனின் ஏட்ரியன் பிண்டர், கேரளத்தின் ராஜீவ் ராகவன் ஆகியோர் அடங்கிய விஞ்ஞானிகள் குழு 1998 முதல் 2012 வரையிலான காலிபோர் முகாமின் கணக்கை எடுத்து ஆராய்ந்தது. 23,620 மணி நேரத் தூண்டில், 6,161 மஹாசீர்கள். ஒரு மீனுக்குச் சராசரியாகக் கிட்டத்தட்ட நாலு மணி நேரம். மிகப் பெரியது 46.8 கிலோ. எண்ணிக்கை கூடிக்கொண்டே போனதைப் பார்த்தால் ஆறு செழிப்பாக இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் கூடியது நீலத்துடுப்பு. சொந்த மண்ணின் திமில் மஹாசீர் ஆண்டுக்கு ஆண்டு அருகிக்கொண்டே வந்தது. அதன் குஞ்சுகள் தூண்டிலில் சிக்குவதே அபூர்வமாகிவிட்டது.

அணைகளும் மணல் கொள்ளையும் வெடியும் ஏற்கனவே காவிரியை நசுக்கியிருந்தன. அதன் மேல் தூண்டில் விளையாட்டுக்காக விடப்பட்ட அந்நிய மீனும் சேர்ந்தது. மீன் மேல் கொண்ட ஆசையே மீனுக்கு வினையானது. அதே ஆசையால் எழுதிவைக்கப்பட்ட பதிவேடுதான் அந்த வினையை வெளிச்சத்துக்கும் கொண்டுவந்தது. அது இல்லாமலிருந்தால், திமில் மஹாசீர் போய்க்கொண்டிருப்பதே வெளியுலகத்துக்குத் தெரிந்திருக்காது.

2012இல் காவிரி வனவிலங்குச் சரணாலயத்துக்குள் தூண்டில் நிறுத்தப்பட்டது. வனவிலங்குச் சட்டத்தின் பார்வையில், திரும்ப விட்டாலும் பிடிப்பது பிடிப்பதுதான். முகாம் காவலும் அதோடு போனது. காவல் இல்லாத ஆற்றில் வெடிக்காரர்களுக்கு வசதி கூடும், பதிவேடு நின்றால் மீனின் நிலையை அறியும் கண்ணும் மூடிக்கொள்ளும் என்பது ஆராய்ச்சியாளர்களின் வாதம். மிருகத்தைக் காப்பாற்றும் சட்டம் விளையாட்டுக்காக அதற்கு முள் குத்துவதை அனுமதிக்க முடியாது என்பது எதிர் வாதம். இரண்டிலும் நியாயம் இருக்கிறது.

பாம்பாற்றின் பெயர்

இந்தக் கதையில் இடுக்கி எல்லைக்கு எதிர்பாராத இடம் ஒன்று உண்டு. உலகப் புகழ்பெற்ற திமில் மஹாசீருக்கு நெடுங்காலம் முறையான விஞ்ஞானப் பெயரே இல்லை. 2018இல் பிண்டர் குழு, மோயாற்றில் கிடைத்த மீன்களை ஒப்பிட்டுப் பார்த்து விடை சொன்னது. பாம்பாற்றில் கிடைத்த சிறிய மீன்களை வைத்துக் கேரள விஞ்ஞானிகள் பி. மதுசூதன குரூப்பும் கே. வி. ராதாகிருஷ்ணனும் ஏற்கனவே பெயர் சூட்டியிருந்த டார் ரெமாதேவி என்ற இனமும் காவிரியின் ராட்சதனும் ஒன்றே. சென்னையில் இந்திய விலங்கியல் ஆய்வகத்தில் பணியாற்றிய மீனியலாளர் கே. ரெமாதேவியைக் கௌரவித்து வைத்த பெயர் அது. அதே 2018இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இந்த மீனை மிக ஆபத்தான நிலையில் உள்ள இனமாக அறிவித்தது. புலியைவிட மோசமான பட்டியல் இது.

ஆனமுடிச் சரிவில் பிறந்து, மறையூரைக் கடந்து, தூவானம் அருவியாக விழுந்து, சின்னாறு சரணாலயத்தின் வழியாக அமராவதி அணைக்கு வரும் பாம்பாறு பெரிய ஆறல்ல. கோடையில் பல இடங்களில் முழங்கால் அளவுதான் தண்ணீர். அணை வந்த பிறகு காவிரியிலிருந்து மீன் மேலேற வழியும் இல்லை. மேலே இருப்பவை மேலேயே பிறந்து மேலேயே முடிய வேண்டியவை. இப்படிப்பட்ட ஓர் ஆற்றில் ஐம்பது பேர் ஒரே நாளில் தூண்டில் போட்டால் பரிசுக் கோப்பையின் விலை என்ன என்பதை எந்த ரூபாயிலும் சொல்ல முடியாது.

சட்டமும் தெளிவாகவே இருக்கிறது. 1984இல் சரணாலயமான சின்னாற்றிலும், அதற்கு மேலே இரவிகுளம் தேசியப் பூங்காவிலும், பாலக்காட்டுப் பக்கம் சைலன்ட் வேலி பூங்காவிலும் வனத்துறை அனுமதியின்றி எந்த உயிரையும் எடுக்க முடியாது. வெளியேயுள்ள நீர்நிலைகளுக்கு 2010இன் கேரள உள்நாட்டு மீன்வளச் சட்டம் உண்டு. வெடியும் விஷமும் 1897இன் இந்திய மீன்பிடிச் சட்டத்திலிருந்தே குற்றம்.

கரையில் இருப்பவர்கள்

அப்படியானால் அணைகளில் போட்டி வைத்தால் என்ன? பாலக்காட்டில் அணைகளுக்குப் பஞ்சமில்லை. வாளையாறு, மீன்கரை, சுள்ளியாறு, மங்கலம் என்று வரிசையாக இருக்கின்றன. பெரியது மலம்புழா. பாலக்காடு மதராஸ் ராஜ்யத்தில் இருந்தபோது, 1955இல் முதலமைச்சர் காமராஜர் திறந்துவைத்தது. இந்த நீர்த்தேக்கங்களில் கட்லா, ரோகு போன்ற மீன்கள் தாமாகப் பிறந்து பெருகியவை அல்ல. மீன்வளத்துறை குஞ்சு விட்டு வளர்ப்பவை. கூட்டுறவுச் சங்கங்களில் சேர்ந்த தாழ்த்தப்பட்ட, பழங்குடிக் குடும்பங்கள் வலை போட்டு அவற்றைப் பிடித்துப் பிழைக்கின்றன. கிழக்கே அமராவதி அணையில் மீனவர் வலையில் அதிகம் விழுவது, ஆப்பிரிக்காவிலிருந்து வந்து நம் ஊர்ப் பெயரும் வாங்கிக்கொண்ட ஜிலேபிக் கெண்டை.

மீனவருக்கு ஒரு நாள் வலை நின்றால் ஒரு நாள் கூலி போச்சு. போட்டிக்காக அணையை மூடினால் அந்தக் கூலியை யார் தருவது? நுழைவுக் கட்டணத்தில் பந்தலுக்கும் பனியனுக்கும் இடமிருந்தால், பரிசலுக்கும் பரிசல்காரருக்கும் இடமிருக்க வேண்டும். மாறாக, அவரையே வழிகாட்டியாக வைத்தால் கணக்கு மாறும். சின்னாற்றில் தூவானம் அருவிக்கு நடைப்பயணம் கூட்டிப் போவது அங்கேயே வாழும் முதுவர், மலைப்புலையர் சமூக இளைஞர்கள்தான். காடு நன்றாக இருந்தால்தான் வருமானம் என்பதை அவர்களுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. ஆற்றுக்கும் இதே ஏற்பாடு பொருந்தும்.

அணைப் போட்டிகளில் இன்னொரு சபலமும் உண்டு. பெரிய மீன் இல்லையா, வெளியிலிருந்து கொண்டுவந்து விடு. ஜப்பான் இதைச் செய்து பார்த்த நாடு. 1925இல் ஹகோனே அருகே ஆஷி ஏரியில் அமெரிக்க பாஸ் மீனை விட்டார்கள். அது நாடெங்கும் பரவியது. 2009இல் பிவா ஏரியில் ஒருவர் 10 கிலோவைத் தாண்டிய பாஸ் பிடித்து, 1932இலிருந்து அசையாமலிருந்த அமெரிக்க உலக சாதனையைச் சமன் செய்தார். ஆனால் அதே பிவா ஏரியில் சொந்த மீன்களை பாஸ் தின்று தீர்ப்பதால், பிடித்த பாஸைத் திரும்ப விடக் கூடாது என்று 2003இலேயே விதி வந்துவிட்டது. 2005இல் தேசியச் சட்டமும் அதை அபாயகரமான அந்நிய உயிராகப் பட்டியலிட்டது. கேரளத்துக்கு இது தொலைதூரச் செய்தி அல்ல. 2018 பெருவெள்ளத்துக்குப் பிறகு, தென்னமெரிக்காவின் ராட்சத மீன் அராபைமா சாலக்குடி ஆற்றில் வலையில் சிக்கியது. யாரோ ஆசைக்குக் குளத்தில் வளர்த்தது.

எப்போது தகும்?

அப்படியானால் போட்டியே வேண்டாமா? வேண்டும் என்பதற்கும் காரணங்கள் இருக்கின்றன. ஆற்றைப் பற்றிக் கவலைப்படுபவர்கள் பெரும்பாலும் ஆற்றில் இறங்கியவர்கள்தான். ஒரு தடவையாவது மஹாசீரின் இழுப்பைக் கையில் உணர்ந்தவர் அந்த ஆற்றில் வெடி வைப்பவனைப் பார்த்துச் சும்மா போக மாட்டார். ஆனால் போட்டியின் வடிவம் மாற வேண்டும்.

முதலில், எடைக்குப் பதில் நீளம். அளவுகோலில் வைத்துப் படமெடுத்து அதே இடத்தில் விடும் முறை வெளிநாடுகளில் சிறு படகுப் போட்டிகளில் பரவலாகிவிட்டது. மீனைத் தொட்டியில் சுமந்து மேடைக்குக் கொண்டுவரத் தேவையில்லை. நீந்திப் போன மீனும் பிழைத்துவிட்டதாக அர்த்தமில்லை. வெதுவெதுப்பான நீரில் களைத்துப்போன மீன் சில நாள் கழித்துச் சாவது பாஸ் போட்டிகளிலேயே தெரியவந்த உண்மை. நம் ஊர் வெயிலுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். அதனால் கோடை உச்சியிலும் போட்டி கூடாது, முட்டைப் பருவத்திலும் கூடாது. தூண்டில் முள்ளின் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிட்டால் கழற்றுவது சுலபம், காயமும் குறைவு. இதற்குக் காசே வேண்டாம்.

அடுத்து, சொந்த இனத்துக்கும் வந்த இனத்துக்கும் வெவ்வேறு விதி. அணையில் ஜிலேபிக் கெண்டையை எத்தனை பிடித்தாலும் யாரும் அழப்போவதில்லை. அதற்குத் தனிப் பரிசு வைத்து, பிடித்ததை மீனவர் சங்கத்துக்கே கொடுத்துவிடலாம். திமில் மஹாசீர் இருக்கக்கூடிய ஆற்றில் போட்டி என்ற பேச்சே எழக் கூடாது. குஞ்சுகளோடு நிற்கும் வராலைப் பிடித்தவருக்குப் பரிசு கிடையாது என்று துண்டு நோட்டீஸிலேயே அச்சடித்துவிட வேண்டும்.

கடைசியாகக் கணக்கு. யார், எங்கே, எத்தனை மணி நேரம், என்ன இனம், என்ன நீளம் என்று ஐந்து பத்திகள் போதும். ஐம்பது பேர் எட்டு மணி நேரம் நின்றால் 400 மணி நேரக் கணக்கெடுப்பு. ஓர் ஆராய்ச்சி மாணவர் தனியாகச் செய்தால் மாதக்கணக்கில் ஆகும் வேலை. அதைக் கல்லூரி ஆய்வாளர்களிடமும் மீன்வளத்துறையிடமும் கொடுத்தால், 4,200 ரூபாய் நஷ்டப்பட்டுத் திரும்பும் இளைஞர் உண்மையில் ஓர் ஆற்றின் மருத்துவப் பரிசோதனைக்குச் செலவு செய்தவர் ஆகிறார். காவிரியில் இதுதான் நடந்தது, கொஞ்சம் தாமதமாக.

பரிசுப் பணத்துக்காக என்றால் போட்டி தகாது. அந்தக் கணக்கை ஐந்தாம் வகுப்பு மாணவனே போட்டுவிடுவான். பொழுதுபோக்குக்கு என்றால், கைக்கு அடங்கிய செலவில் தகும். ஆற்றுக்குத் தகுமா என்பதற்கு மட்டும் போட்டியாளரிடம் பதில் இல்லை. அதை நடத்துபவரிடம்தான் இருக்கிறது. ஆகவே ஆயிரம் ரூபாயை நீட்டுவதற்கு முன், முதல் பரிசு எவ்வளவு என்று கேட்பதோடு நிறுத்தாமல், பதிவேடு எங்கே என்றும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.